எளிமையின் சுமை யாருடையது? தமிழ் இணையத்தளங்கள் மறுவடிவம் பெற்ற வரலாறு

முன்னுரை

ஓர் இணையத்தளம் மறுவடிவமைக்கப்படும்போது அதன் வண்ணமும் படங்களும் பொத்தான்களின் இடமுமே முதலில் கண்ணில் படுகின்றன. ஆயினும், பயன்படுத்துவோர் நோக்கில் மறுவடிவமைப்பின் வெற்றியை அளக்கும் அளவுகோல் வேறு. 1998இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 9241-11 என்னும் பன்னாட்டுத் தரம் பயன்படுதன்மையை மூன்று கூறுகளால் விளக்கியது. குறிப்பிட்ட பயனர்கள் குறிப்பிட்ட சூழலில் தாம் கருதிய செயலை முழுமையாகச் செய்து முடிக்க இயலுகிறதா, அதற்குச் செலவாகும் முயற்சி எவ்வளவு, அதனால் அவர்கள் நிறைவடைகின்றனரா என்பனவே அம்மூன்று. இவற்றுள் இரண்டாவதாகிய முயற்சி இக்கட்டுரைக்கு மையமானது. ஒரு செயலைச் செய்து முடிக்க ஓரளவு உழைப்பு தேவை. அவ்வுழைப்பைப் பயனர் ஏற்கிறாரா, தளத்தை அமைப்பவர் ஏற்கிறாரா, இயங்குதளம் ஏற்கிறதா என்பதைப் பொறுத்தே எளிமை அமைகிறது.

தமிழ் இணையத்தளங்களின் வரலாறு இக்கருத்துக்கு மிகத் தெளிவான சான்றாகும். ஆங்கிலத் தளங்களைப் பொறுத்தவரை எழுத்து திரையில் தோன்றுவது எந்நாளும் சிக்கலாக இருந்ததில்லை. தமிழ்த் தளங்களோ, எழுத்தைத் தோன்றச் செய்யும் அடிப்படைப் பணியிலேயே இருபது ஆண்டுகள் போராடின. 1995 முதல் 2013 வரை நிகழ்ந்த மாற்றங்களை மூன்று கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் சுமை யாரிடமிருந்து யாருக்கு மாறியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. ஒவ்வொரு மறுவடிவமைப்பும் தனக்கு முந்திய பக்கங்களுள் ஒரு பகுதியைப் படிக்க இயலாதனவாக ஆக்கிச் சென்றது என்பதும், அவ்விழப்பைத் தவிர்க்கும் வழிகள் அன்றும் இருந்தன, இன்றும் உள்ளன என்பதும் இதன் முடிபாகும்.

தட்டச்சுப்பொறி விட்டுச் சென்ற மரபு

இணையத்திற்கு முந்திய நிலையைச் சுருக்கமாக நோக்குவது இங்குத் தேவையாகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவில் பணியாற்றிய ஆர். முத்தையா வடிவமைத்த தமிழ்த் தட்டச்சுப்பொறி, இருநூற்று நாற்பத்தேழு எழுத்துகளைச் சில பத்து விசைகளுள் அடக்க வேண்டிய நெருக்கடிக்கு ஒரு விடையாக அமைந்தது. அவ்விடையின் அடிப்படை, எழுத்தைப் பார்வை வடிவத் துண்டுகளாகப் பிரிப்பது. கெ என்னும் எழுத்தை அடிக்க வேண்டுமாயின் முதலில் ஒற்றைக்கொம்பையும் பின்னர்க் ககரத்தையும் அடிக்க வேண்டும். ஒலிக்கும் முறைப்படி மெய்யே முன்னும் உயிரே பின்னும் நிற்பன. தாளிலோ கொம்பு முன்னே நிற்கிறது. பொறி தாளின் முறையைப் பின்பற்றியது.

1980களில் உருவான தமிழ் மென்பொருள்கள் பலவும் இம்மரபின் தொடர்ச்சியாகவே அமைந்தன. கனடாவில் கு. சீனிவாசன் உருவாக்கிய ஆதமி, மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு, பின்னர்ச் சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் வெளியிட்ட மயிலை எழுத்துரு ஆகியன தமிழைக் கணினியில் எழுதும் வாய்ப்பைப் பொதுமக்களுக்கு வழங்கின. அன்றைய கணினிகளில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றுள் முற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய இடங்களில் எந்தத் தமிழ் வடிவத்தை எங்கு வைப்பது என்பதை ஒவ்வொரு மென்பொருளாளரும் தத்தம் வசதிக்கேற்ப முடிவு செய்தனர். அச்சிடுவதற்கு மட்டும் கணினி பயன்பட்ட காலத்தில் இதனால் எவருக்கும் இடர் விளையவில்லை. தாளில் பதிந்தபின் எழுத்தின் குறியீட்டு எண் எவருக்கும் தேவைப்படுவதில்லை. ஒருவர் எழுதியதை மற்றொருவர் தம் கணினியில் படிக்க முற்பட்டபோதுதான் சிக்கல் வெளிப்பட்டது.

முதற்கட்டம்: சுமை வாசகரிடம்

1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பு ஒன்று இணையத்தில் வெளியிடப்பட்டது. அப்போதைய சிங்கப்பூர் அதிபர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ்ப் பகுதியை உருவாக்குவதில் முன்னின்றவர் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளரும் எழுத்தாளருமாகிய நா. கோவிந்தசாமி. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலானோர் அவருடன் இணைந்து பணியாற்றினர். இணையம் என்னும் சொல்லைத் தமிழுக்கு வழங்கியவராகப் பலரும் கோவிந்தசாமியையே குறிப்பிடுவர். தமிழ் இணையப் பக்க வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளுள் ஒன்றாக இந்நிகழ்வு கருதப்படுகிறது.

இதனைத் தொடர்ந்து நாளேடுகளும் வார இதழ்களும் தனியாரும் தமிழ்ப் பக்கங்களை அமைக்கத் தொடங்கினர். அப்பக்கங்களுள் ஒன்றைப் படிக்க விரும்பிய வாசகர் செய்ய வேண்டியிருந்த பணிகளை வரிசைப்படுத்தினால் அன்றைய நிலை விளங்கும். முதலில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட அறிவிப்பு ஒன்றைப் படித்து அந்தத் தளத்துக்குரிய எழுத்துருவை இறக்கிக்கொள்ள வேண்டும். அதன் சுருக்கக் கோப்பை விரித்து, கணினியின் எழுத்துருக் கோப்புறையில் சேர்க்க வேண்டும். பின்னர் உலாவியின் அமைப்புப் பகுதிக்குச் சென்று, பயனர் வரையறுத்த குறியீடு என்னும் தெரிவைத் தேர்ந்து, அதற்கு இந்த எழுத்துருவை இணைக்க வேண்டும். இவ்வளவும் செய்தபின் அந்த ஒரு தளம் படிக்கக் கிடைக்கும். வேறொரு நாளேட்டுக்குச் சென்றால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இவற்றுள் ஒரு படி தவறினாலும், திரையில் ஐரோப்பிய மொழிகளின் ஒலிக்குறி இட்ட உரோமன் எழுத்துகளே நிரம்பி நிற்கும்.

மின்மடலின் நிலை இதனினும் கடினமானது. எழுதுபவரும் பெறுபவரும் ஒரே எழுத்துருவை வைத்திருந்தாலன்றி மடல் பயனற்றது. பலர் தமிழை உரோமன் எழுத்தில் எழுதுவதற்கு இதுவே காரணமாயிற்று. பொதுக் கணினியைப் பயன்படுத்திய மாணவர் எழுத்துருவை நிறுவும் உரிமை இல்லாமையால் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க இயலாமற் போவதும் உண்டு. இக்கட்டத்தில் சுமை முழுவதும் வாசகர்மீது இருந்தது. கணினியறிவும் ஆங்கில அறிவும் பொறுமையும் ஒருங்கே உடையவரே தமிழ் இணையத்தின் வாசகராக இருக்க முடிந்தது.

மாநாடுகளும் விசைப்பலகையும்

இச்சிக்கலுக்குத் தனி மனிதர் தீர்வு காண இயலாது என்பதை உணர்ந்தவர்கள் 1997 மே மாதம் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் கூடினர். நா. கோவிந்தசாமியின் முன்முயற்சியில் நிகழ்ந்த அக்கருத்தரங்கு பின்னாளில் தொடர்ந்த தமிழ் இணைய மாநாடுகளுக்கு முன்னோடியாகும். இதே காலத்தில், உலகின் பல பகுதிகளில் வாழ்ந்த தன்னார்வலர்கள் தமக்குள் மின்மடல் வழியே விவாதித்துத் திஸ்கி என்னும் எட்டுப் பிட்டுக் குறியீட்டு முறையை உருவாக்கினர். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழக அரசு நடத்திய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, தமிழ் மட்டும் கொண்ட டாம், தமிழும் ஆங்கிலமும் கொண்ட டாப் ஆகிய குறியீட்டு முறைகளும் தமிழ் 99 விசைப்பலகையும் அவ்வாண்டு ஜூன் மாதம் அரசின் ஏற்பைப் பெற்றன. 2000 ஜூலையில் சிங்கப்பூரில் நிகழ்ந்த மாநாட்டில் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோற்றம் பெற்றது. 2001இல் கோலாலம்பூரும் 2004இல் மீண்டும் சிங்கப்பூரும் மாநாட்டை ஏற்று நடத்தின. 2013இல் அது மலாயாப் பல்கலைக்கழகத்திலேயே நிகழ்ந்தது. நா. கோவிந்தசாமி 1999 மே மாதம் மறைந்தமையால் தாம் தொடங்கி வைத்த பணியின் பிற்கால வளர்ச்சியைக் காணவில்லை.

தமிழ் 99 விசைப்பலகையின் அமைப்பு பயன்படுதன்மை நோக்கில் தனியே ஆராயத்தக்கது. கோவிந்தசாமி முன்னர் வகுத்திருந்த விசைப்பலகைக் கருத்துகள் இதற்கு அடிப்படையாக அமைந்தன. பன்னிரண்டு உயிர்களும் ஆய்தமும் இடக்கைப் பக்கத்தில் உள்ளன. பதினெட்டு மெய்களுக்குரிய விசைகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கத்தில் அமைகின்றன. ஆக, முப்பத்தொரு விசைகளால் அனைத்துத் தமிழ் எழுத்துகளையும் எழுதலாம். ககர விசையை அடுத்து இகர விசையை அழுத்தினால் கி தோன்றும். ககர விசையை இருமுறை அழுத்தினால் முதற்ககரத்தின்மீது மென்பொருளே புள்ளியிட்டு க்க என எழுதும். ஙகரத்தை அடுத்துக் ககரம், ஞகரத்தை அடுத்துச் சகரம் என இனவெழுத்துகள் தொடரும்போதும் அவ்வாறே புள்ளி தானாக அமையும்.

இங்கு நிகழ்ந்திருப்பது சுமை மாற்றமே ஆகும். தட்டச்சுப்பொறியில் கொம்பை முன்னே அடிக்க வேண்டும் என்னும் விதியைத் தட்டச்சர் நினைவில் வைத்திருந்தார். தமிழ் 99இல் மெய் முன்னும் உயிர் பின்னுமாக, இலக்கணம் கூறும் உயிர்மெய் அமைப்பின்படி அவர் அழுத்துகிறார். கொம்பை எங்கு வைப்பது என்பதை மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. தமிழாசிரியர் ஒருவர் வகுப்பறையில் கற்பிக்கும் எழுத்திலக்கணத்தையே விரல்களும் பின்பற்றுகின்றன.

எனினும், தமிழில் எழுதுவோர் அனைவரும் தமிழ் 99ஐ ஏற்றனர் எனக் கூற இயலாது. ஆங்கில விசைப்பலகையில் உரோமன் எழுத்துகளை ஒலிப்புமுறையில் அழுத்தித் தமிழைப் பெறும் முறையே பொதுப் பயனர் பலரையும் கவர்ந்தது. முரசு அஞ்சல், அழகி, எ-கலப்பை முதலிய மென்பொருள்கள் இவ்வசதியை வழங்கின. கற்றுக்கொள்ளும்போது எளிமை, பழகியபின் எளிமை என எளிமை இருவகைப்படும் என்பதை இது காட்டுகிறது. ஒலிப்புமுறை முதல்வகையில் முந்துகிறது. தமிழ் 99 இரண்டாம் வகையில் முந்துகிறது. புதிய வடிவமைப்பு எவ்வளவு அறிவார்ந்ததாயினும், அதனைக் கற்பிக்க ஒரு நிறுவனம் இல்லையெனில் முதல்நாள் எளிமையே வெல்லும். தட்டச்சுக் கல்வியைப் பள்ளிப் பருவத்தில் பெறும் மாணவருக்கும் தாமாகவே கற்கும் முதியவருக்கும் ஒரே விடை பொருந்தாது என்பதையும் ஆசிரியர்கள் கருத வேண்டும்.

இரண்டாம் கட்டம்: சுமை தளத்திடம்

குறியீட்டு முறைகளைத் தரப்படுத்தும் முயற்சிகள் ஒருபுறம் நிகழ, இணையத்தள உரிமையாளர்கள் உடனடித் தீர்வு ஒன்றைக் கண்டனர். அதுவே இயங்கு எழுத்துரு ஆகும். வாசகர் எழுத்துருவை நிறுவத் தேவையில்லை. பக்கத்தோடு எழுத்துருவும் சேர்ந்து வந்து உலாவியில் தற்காலிகமாகத் தங்கும். 1997இல் வெளிவந்த நெட்ஸ்கேப் நான்காம் பதிப்பு பிட்ஸ்டிரீம் நிறுவனத்தின் ட்ரூடாக் முறையைக் கையாண்டது. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் நான்காம் பதிப்போ மைக்ரோசாப்டின் வேறொரு வடிவத்தைக் கையாண்டது. இரு உலாவிகளுக்கும் பயன்பட வேண்டுமாயின் தள உரிமையாளர் இரு வடிவங்களையும் உருவாக்கித் தம் வழங்கியில் வைத்திருக்க வேண்டும்.

வாசகரைப் பொறுத்தவரை இது பெரும் விடுதலையாக அமைந்தது. முகவரியை இட்டதும் தமிழ் தோன்றியது. இறக்குவது, நிறுவுவது, அமைப்பை மாற்றுவது ஆகிய மூன்றும் நீங்கின. சுமை தளத்துக்கு மாறியது. ஆனால் இத்தீர்வு தோற்றத்தை மட்டுமே சீர்செய்தது என்பதை மறத்தலாகாது. பக்கத்தின் உள்ளே இருந்தது இன்னும் அந்தந்த நிறுவனத்தின் குறியீட்டு எண்களே. ஒரு பத்தியை நகலெடுத்துக் கோப்பில் ஒட்டினால் பொருளற்ற உரோமன் எழுத்துகளே கிடைத்தன. கொ என்னும் எழுத்து கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டுகளாகச் சேமிக்கப்பட்டிருந்தது. தேடுபொறிகளுக்கு அது தமிழ்ச் சொல்லாகவே தென்படவில்லை. ஒருவர் ஒரு குறியீட்டில் தட்டச்சிட்டுத் தேடினால் மற்றொரு குறியீட்டில் உள்ள பக்கம் கிடைக்காது. பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கும் அதனால் பயனில்லை. படிக்க எளிதாகிய தமிழ், தேடவும் சேமிக்கவும் இயலாத தமிழாகவே எஞ்சியது.

மேலும், இயங்கு எழுத்துரு உலாவி நிறுவனங்களின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. 2000இல் வெளிவந்த நெட்ஸ்கேப் ஆறாம் பதிப்பு ட்ரூடாக் முறையைக் கைவிட்டது. அம்முறையை மட்டும் நம்பியிருந்த பக்கங்கள் புதிய உலாவியில் மீண்டும் ஒலிக்குறி இட்ட உரோமன் எழுத்துகளாயின. மைக்ரோசாப்டின் வடிவம் அதன் சொந்த உலாவியோடு நின்றது. அவ்வுலாவியின் இறுதிப் பதிப்புக்கான ஆதரவு 2022 ஜூன் மாதம் பெரும்பாலான கணினிகளில் நிறுத்தப்பட்டது.

மூன்றாம் கட்டம்: சுமை இயங்குதளத்திடம்

நிலையான தீர்வுக்கான விதை இதற்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது. உலக மொழிகள் அனைத்திற்கும் தனித்தனி எண்களை ஒதுக்கும் யூனிகோடின் முதற்பதிப்பு 1991இல் வெளிவந்தது. அதில் தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய மொழிகளுக்கென 1988இல் உருவான இஸ்கி முறையைத் தழுவி இவ்வொதுக்கீடு அமைந்தது. ஆயினும் இயங்குதளம் அதனை அறிந்தாலன்றிப் பயன் விளையாது. விண்டோஸ் 2000 பதிப்பில் தமிழுக்கான ஆதரவும் லதா எழுத்துருவும் இடம்பெற்றன. அப்போதும் வாசகரின் பணி முற்றிலும் நீங்கவில்லை. விண்டோஸ் எக்ஸ்பி பதிப்பில் வட்டார, மொழி அமைப்புப் பகுதிக்குச் சென்று, சிக்கலான வரிவடிவங்களுக்கான கோப்புகளை நிறுவும் கட்டத்தில் குறியிட்டு, விண்டோஸ் குறுந்தட்டையும் இட வேண்டியிருந்தது. விண்டோஸ் விஸ்டா பரவலாக வெளியான 2007க்குப் பின்னரே, கணினியை வாங்கிய முதல் நாளிலேயே தமிழ் தெரியும் நிலை உருவாயிற்று.

யூனிகோடின் தமிழ் ஒதுக்கீடு தமிழறிஞரிடையேயும் கணினி வல்லுநரிடையேயும் கடும் விவாதத்தை எழுப்பியது. அவ்விவாதத்தில் இலக்கண நியாயம் இருந்தது. தமிழ் மரபில் க் என்னும் மெய்யே அடிப்படை. யூனிகோடிலோ அகரமேறிய க அடிப்படையாகவும், க் என்பது ககரமும் புள்ளியும் சேர்ந்த இரண்டு எண்களாகவும் அமைகின்றன. எழுத்துகளின் வரிசையும் நெடுங்கணக்கை ஒத்ததன்று. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரமும், நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் இடம்பெறுகின்றன. எனவே அகரவரிசைப்படுத்தத் தனி விதிகள் தேவையாயின. தமிழ் என்னும் சொல் ஐந்து எண்களாகப் பிரிந்து, இணையத்தில் பெருவழக்கான யூடிஎப்-8 வடிவில் 15 பைட்டுகளைப் பெறுகிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி எண் வழங்கும் டேஸ் 16 முறை இவற்றுக்கு மாற்றாக முன்வைக்கப்பட்டது. ஒருமுறை வழங்கிய எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடு அமைப்பின் உறுதியான கொள்கையாதலால் பழைய ஒதுக்கீடு நிலைபெற்றது. 2010 ஜூன் மாதம், கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நிகழ்ந்தபோது, தமிழக அரசு யூனிகோடையும் டேஸ் 16ஐயும் தரங்களாக அறிவித்தது.

பயன்படுதன்மை நோக்கில் இவ்விவாதத்தை மதிப்பிடும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. குறியீட்டு எண்களின் நிறைகுறைகளைப் பொதுப் பயனர் காண்பதில்லை. அவற்றின் சிக்கலை வரிசைப்படுத்தும் நிரலும் வடிவமாக்கும் நிரலும் ஏற்றுக்கொண்டன. பயனர் கண்டது, எந்தத் தளத்துக்குச் சென்றாலும் தமிழ் தமிழாகவே தோன்றுகிறது, நகலெடுத்தால் தமிழாகவே ஒட்டுகிறது, தேடினால் கிடைக்கிறது என்பதே. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா இம்மாற்றத்தின் விளைவுகளுள் ஒன்று. பலர் பல நாடுகளிலிருந்து ஒரே கட்டுரையைத் திருத்தும் ஒரு தளத்தை, ஆளுக்கொரு குறியீட்டு முறை நிலவிய காலத்தில் நடத்தியிருக்க இயலாது.

கைப்பேசியில் மீண்ட பழைய வரலாறு

கணினியில் முடிவுற்றதாகத் தோன்றிய போராட்டம் கைப்பேசியில் மீண்டும் தொடங்கியது. 2005இல் அறிமுகமான செல்லினம், தமிழில் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள பயனர்களுக்கு வழங்கியது. உரோமன் எழுத்தில் 160 குறிகள் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, யூனிகோடு முறையில் 70 குறிகளையே கொள்ளும் என்பது அன்றைய தடைகளுள் ஒன்று. தொடக்கக்கால ஆண்டிராய்டு கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் வெறுங்கட்டங்களாகவே தோன்றியது. அக்காலத்தில் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க விரும்பியோர் ஓப்பரா மினி உலாவியின் மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான வரிவடிவங்களுக்குப் படவெழுத்துருவைப் பயன்படுத்தும் தெரிவை மாற்றினர். அதன்பின் அவ்வுலாவியின் வழங்கி தமிழைப் படமாக்கி அனுப்பியது.

இங்கு முதற்கட்டமும் இரண்டாம் கட்டமும் ஒருசேர மீண்டமையைக் காணலாம். வாசகர் அமைப்பை மாற்றினார். வழங்கி எழுத்தின் தோற்றத்தை மட்டும் அனுப்பியது. 2013இல் வெளிவந்த ஐஓஎஸ் ஏழாம் பதிப்பில் அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரு விசைப்பலகைகளும் இயல்பாகவே இடம்பெற்றன. கற்க எளியதும் பழக எளியதுமாகிய இரு முறைகளையும் ஒருங்கே வழங்கியமை, முன்னர்க் குறிப்பிட்ட இருவகை எளிமைக்கும் இடமளித்த முடிவாகும்.

மறுவடிவமைப்பின் விலை

மேற்கண்ட மூன்று கட்டங்களும் முன்னேற்றத்தின் படிகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஏறியவர்கள் தம்முடன் எதனைக் கொண்டு வந்தனர், எதனை விட்டு வந்தனர் என்னும் வினா எழுகிறது. 1990களின் இறுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் தனிநபர் தமிழ்ப் பக்கங்கள் பல இலவச இடங்களில் அமைந்திருந்தன. அத்தகைய இடங்களுள் பெரியதாகிய ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. பிற்காலத்தார் ஆவணப்படுத்தி வைத்த பக்கங்களில் பைட்டுகள் உள்ளன. அவற்றைத் தமிழாக்கும் எழுத்துரு உடன் இல்லாவிடின் அவை பூட்டப்பட்ட பெட்டிகளே. ஓலைச்சுவடியைச் செல் அரித்தால் எழுத்து அழிந்ததைக் காண்கிறோம். இங்கு எழுத்து முழுமையாக இருந்தும் எவ்வெண் எவ்வெழுத்து என்னும் திறவுகோல் தொலைந்திருக்கிறது.

இவ்விழப்பு தவிர்க்கக்கூடியது என்பதற்கு மதுரைத் திட்டம் சான்றாகும். 1998ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய இத்தன்னார்வத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சிட்டு இணையத்தில் இலவசமாக வழங்கி வருகிறது. தொடக்கக்கால எழுத்துருக்களிலிருந்து திஸ்கிக்கும், திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கும் அதன் நூல்கள் மாற்றப்பட்டன. ஒவ்வொரு மறுவடிவமைப்பின்போதும் பழைய உள்ளடக்கத்தைப் புதிய முறைக்கு மாற்றுவதையும் பணியின் ஒரு பகுதியாகக் கொண்டமையால், சங்க இலக்கியச் சொல் ஒன்றை இன்றும் மாணவர் தேடிக் காண முடிகிறது. சிங்கப்பூரில் 2015இல் வெளியிடப்பட்ட தமிழ் மின்மரபுடைமைத் திட்டத்தின் தொகுப்பும், படைப்புகளைத் தேசிய நூலக வாரியம் என்னும் நிலையான நிறுவனத்தின் பொறுப்பில் சேர்த்தமையால் குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்தில், தமிழுக்குப் புறம்பான ஓர் எடுத்துக்காட்டை ஒப்பிடுவது பொருந்தும். பிரிட்டிஷ் அரசு 2012 அக்டோபர் 17ஆம் நாள் தன் பொதுச் சேவைத் தளங்களாகிய டைரக்ட்கவ், பிசினஸ் லிங்க் ஆகிய இரண்டையும் நீக்கி, கவ் டாட் யூகே என்னும் ஒரே தளத்தைத் தொடங்கியது. 2011இல் அமைந்த அரசு மின்சேவைப் பிரிவு இதனை உருவாக்கியது. எந்தத் துறை எந்தச் சேவையை நடத்துகிறது என்பதைக் குடிமக்கள் அறிந்திருக்க வேண்டும் என்னும் சுமையை அது நீக்கியது. பயனரின் தேவையிலிருந்து தொடங்கி, எளிய மொழியில் எழுதி, உண்மைப் பயனர்களைக் கொண்டு சோதித்த முறை பல நாடுகளுக்கு முன்மாதிரியாயிற்று. அதிகம் பேசப்படாத மற்றொரு பணியும் அதில் நிகழ்ந்தது. பழைய தளங்களின் பக்க முகவரிகள் ஒவ்வொன்றையும் புதிய பக்கத்துடனோ அரசு ஆவணக் காப்பகத்துடனோ இணைக்கும் பணியே அது. பழைய முகவரியைக் குறித்து வைத்திருந்தவரும் கைவிடப்படலாகாது என்பதை வடிவமைப்பாளர் தம் கடமையாகக் கொண்டனர். தமிழ்த் தளங்களின் மறுவடிவமைப்புகளில் பெரிதும் விடுபட்டது இக்கடமையேயாகும்.

முடிவுரை

1995இன் வாசகர் எழுத்துருவைத் தேடி அலைந்தார். இன்றைய மாணவர் எழுத்துரு என்பதைப் பற்றி எண்ணுவதே இல்லை. இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட வரலாறு, சுமை வாசகரிடமிருந்து தளத்துக்கும் தளத்திலிருந்து இயங்குதளத்துக்கும் மாறிய வரலாறாகும். அம்மாற்றத்தில் சிங்கப்பூரும் மலேசியாவும் பார்வையாளராக இருக்கவில்லை. முதற்பக்கங்களும் முதற்கருத்தரங்கும் விசைப்பலகைச் சிந்தனையும் மென்பொருள்களும் இந்நிலத்தினின்றும் எழுந்தன.

அதனாலேயே, எஞ்சிய பணியிலும் இந்நிலத்தின் தமிழ்த் துறைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பொறுப்பு உண்டு. முதலாவதாக, பழைய எழுத்துருக்களில் தட்டச்சிடப்பட்ட ஆய்வேடுகள், கருத்தரங்கக் கட்டுரைகள், பயிற்றுநூல்கள் ஆகியவற்றை யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். உருமாற்றிகள் கிடைக்கின்றன. எவ்வேடு எவ்வெழுத்துருவில் உள்ளது என்பதை நினைவில் வைத்திருப்பவர்கள் பணி ஓய்வு பெறுவதற்குள் இது நிகழ்ந்தாக வேண்டும். இரண்டாவதாக, தமிழ் அறிவிப்புகளைப் படமாக வெளியிடும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். படத்தில் உள்ள தமிழைத் தேடவோ பெரிதாக்கித் தெளிவாகப் படிக்கவோ திரைவாசிப்பானால் ஒலிக்கச் செய்யவோ இயலாது. அது இரண்டாம் கட்டத்தின் குறையை நாமே மீட்டெடுப்பதாகும். மூன்றாவதாக, எழுத்துத் தடை நீங்கிய இடத்தில் சொல் தடை எஞ்சியிருப்பதைக் காண வேண்டும். ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்த சேவைப் பக்கம் திரையில் தெளிவாகத் தோன்றினாலும் வாசகருக்குப் புரிவதில்லை. அப்பக்கத்தை வெளியிடுமுன் பாட்டி ஒருவரையும் படிவ மாணவர் ஒருவரையும் படிக்கச் செய்து, அவர்கள் எந்தச் சொல்லில் நின்றுவிடுகின்றனர் எனக் குறித்துக்கொள்வது தமிழாசிரியரால் எளிதில் இயலும் சோதனையாகும்.

இம்மூன்றனுள் முதலாவதே காலத்தால் நெருக்கடி மிக்கது. படமாக்கிய அறிவிப்பை நாளை மீண்டும் தட்டச்சிடலாம். கடுமையான சொல்லை நாளை மாற்றலாம். திறவுகோல் தொலைந்த ஒரு கோப்பை மீட்பதற்கு, அதனை எழுதியவரோ அவ்வெழுத்துருவை வைத்திருப்பவரோ அருகில் இருக்க வேண்டும்.